வெள்ளக்காலின் மேற்குக் கரை

1

இது நானாக யோசித்த கதை இல்லை. அய்யாதுரை அண்ணாச்சி கூப்பிட்டு எழுதச் சொன்னது. ஆகையால் முதல் வரியிலிருந்தே கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவர் கேட்டது கதையும் இல்லை, வரலாறு. எங்கள் ஊர் வெள்ளக்காலைச் சீர்படுத்த அரசாங்கம் பணம் ஒதுக்கியிருந்தது. இரண்டாயிரத்து எட்டு, பங்குனி மாதம். வேலை தொடங்கும் நாளில் வியாபாரிகள் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் போடுவதென்று முடிவாயிற்று. அண்ணாச்சிதான் மலர்க்குழுத் தலைவர். ஊரில் முதல் வரிசைப் பட்டாசுக் கம்பெனி அவருடையது. நான் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் எழுத்து வேலை பார்க்கிறவன். தினசரிக் காலண்டரில் தாளைக் கிழித்தால் பின்பக்கம் "பாகற்காய் பித்தம் நீக்கும்" என்று இருக்குமே, அது நான்தான். பேர் சீனிவாசகம். கல்யாண வாழ்த்து மடல், காதுகுத்துப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர் எல்லாம் எழுதியிருக்கிறேன். யாரைப் பற்றியும் நல்லபடியாக நாலு பக்கம் எழுதுவேன், அவரை நம்பாமலே.

ஊர்ப் பேரைச் சொல்லமாட்டேன். திருத்தங்கலில் பஸ் ஏறி வெம்பக்கோட்டைப் பக்கம் போனால் நடுவில் எங்கோ வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

(தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடுகிற ஊருக்கு வெள்ளக்கால் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்துவிட்டு ஓர் ஐப்பசியில் மொத்தமாகக் கொட்டும். கண்மாய் நிரம்பி மறுகால் பாயும். அந்தத் தண்ணீர் ஊருக்குள் வராமல் திருப்பி, ஓடையில் விட்டு, வைப்பாற்றில் சேர்ப்பதற்காக வெட்டிய கால் இது. மற்ற நாளெல்லாம் அதில் ஆடு மேயும்.)

2

தொடக்கம் ஒன்று: "வெள்ளையர் ஆட்சியின் இறுதியில், மக்கள் துயர் கண்டு பொறாத கருணை உள்ளம் கொண்ட…"

யாருடைய உள்ளம்? யாருக்கும் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: "கொடிய பஞ்ச காலத்தில் உழைக்கும் கைகளுக்குக் கூலி தருவதற்காக வெட்டப்பட்ட இக்கால்வாய்…"

இது உண்மையாக இருக்கலாம். ஆனால் எனக்குச் சொன்ன ஒவ்வொருவரும் வேறு வேறு பஞ்சத்தைச் சொன்னார்கள். எங்கள் பக்கம் பஞ்சத்துக்கா பஞ்சம்.

தொடக்கம் மூன்று: "கால்வாயின் இருபுறமும் ஒரே உயரத்தில் கரைகள் எழுப்பப்பட்டு…"

இங்கே பேனா நின்றது. எழுதுவதற்கு முன்னால் போய்ப் பார்த்துவிடலாமே என்று தோன்றியது. மலர் எழுதுகிற ஆளுக்கு வரக்கூடாத ஆசை, வந்துவிட்டது. பைக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

கிழக்குக் கரை இரண்டு ஆள் உயரம். மேற்குக் கரையை ஓர் ஆடு தாண்டிப் போனது. அதற்குக் குதிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

3

கிழக்கே என்ன இருக்கிறது என்று சொன்னால் என் சந்தேகம் உங்களுக்கும் வந்துவிடும்.

கிழக்கே அண்ணாச்சியின் வெடிமருந்துக் கிட்டங்கி, அதாவது குடோன். கிட்டங்கியைச் சுற்றி மண்கரை இருக்கவேண்டும் என்பது சட்டம். உள்ளே வெடித்தால் அந்த வேகத்தை மண் வாங்கிக்கொள்ளும். அந்தக் கரை இல்லாவிட்டால் லைசென்ஸ் கிடையாது. அண்ணாச்சியின் கிட்டங்கிக்கு மூன்று பக்கம் தனிக் கரை, நாலாவது பக்கம் வெள்ளக்காலின் கிழக்குக் கரையே காவல். அதுவும் சும்மா இல்லை, மேலே மேலே மண் போட்டு உயர்த்தி, புல் பிடிக்கவிட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறது.

மேற்கே காலனி. பட்டாசுக் கம்பெனிக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள்.

ஒரு பக்கம் மண் கூடியிருக்கிறது. எதிர்ப்பக்கம் மண் குறைந்திருக்கிறது. காலண்டர் தாளில் வைத்தியக் குறிப்பு எழுதுகிறவனுக்குக்கூட இந்தக் கணக்கு புரியும்.

4

இனி வள்ளித்தாயைக் கொண்டுவருகிறேன். கொண்டுவரத் தயக்கமாகத்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட கதைகளில் இப்படிப்பட்ட அம்மாள் பொய்யே சொல்லமாட்டாள். நீங்களும் அவளை உடனே நம்பிவிடுவீர்கள். நான் நம்பினேன், அதனால் சொல்கிறேன்.

நாற்பதைத் தாண்டிய வயது. காலனியின் கடைசி வீடு, வெள்ளக்காலுக்கு அடுத்து. இரண்டாயிரத்து ஐந்தில் பெய்த மழையில் வெள்ளக்கால் உடைத்துக்கொண்டு தண்ணீர் காலனிக்குள் புகுந்தது. மண்சுவர் ஊறி விழுந்து அவள் வீட்டுக்காரர் கோட்டைச்சாமி செத்துப்போனார். பட்டப்பகலில், பெட்டியைத் தூக்கி வெளியே வைக்கப் போனவர். இப்போது வீட்டில் அவளும் மகள் மாரிசெல்வியும்தான்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மேற்குப் பக்கமும் சுவர்.

சீர்படுத்தும் திட்டத்தில் கிழக்குக் கரைக்குக் கல்சுவர் இருந்தது. மேற்குப் பக்கம் "இருக்கிறபடியே விடப்படும்" என்று போட்டிருந்தார்கள். இருக்கிற கரையைத்தான் பலப்படுத்த முடியும், இல்லாத கரையை எப்படிப் பலப்படுத்துவது என்று இன்ஜினியர் கேட்டாராம். அங்கே கரை இருந்தது என்று காட்டினால் பார்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். கிழக்கே கல்சுவர் எழும்பிவிட்டால் அடுத்த மழைக்கு மொத்தத் தண்ணீருக்கும் ஒரே வழி, காலனி.

"நீங்க எழுதுற பொஸ்தகத்துல கரை இருந்துச்சுன்னு போட்டீகன்னா, அத வச்சு நாங்க கேப்போம் சார்," என்றாள் வள்ளித்தாய்.

"இருந்துச்சாக்கா?"

"என்ன இப்பிடிக் கேக்கீக? நான் வாக்கப்பட்டு வந்தப்ப இங்கன நின்னு பாத்தா அங்கன கிட்டங்கிக் கூரை தெரியாது. அம்புட்டு ஒசரம்."

"பெறகு எங்க போச்சு?"

"மளையில கரைஞ்சிருக்கும்."

மாரிசெல்வி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். நான் அதைக் கவனித்தேன், எனக்குப் பிடித்த மாதிரி அர்த்தப்படுத்திக்கொண்டேன். அண்ணாச்சிக்குப் பயந்து அம்மா உண்மையை மறைக்கிறாள் என்று.

5

"அய்யாதுரை தன் ஆட்களை வைத்து மேற்குக் கரை மண்ணை வண்டி வண்டியாக அள்ளித் தன் கிட்டங்கிக் கரையை…"

இந்த வாக்கியத்தை எழுதியபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வில்லன் கிடைத்துவிட்டால் எழுதுகிறவனுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. மலரில் இது வராது, வேறு பத்திரிகைக்குக் கதையாக அனுப்பலாம் என்றுகூடக் கணக்குப் போட்டேன். அப்புறம்தான் உறுத்தியது. எனக்கு ஒன்று இவ்வளவு சுலபமாகக் கிடைத்தால் அதை நான் நம்புவதில்லை. வண்டி வந்ததை யாராவது பார்த்திருக்கவேண்டுமே என்று மறுபடி காலனிக்குப் போனேன்.

போன தடவை சாயங்காலம் போயிருந்தேன். இந்தத் தடவை காலை பத்து மணி. தெரு முழுக்க வாசல்தோறும் பெண்கள் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் அட்டைக் குழாய்க் குவியல், ஒரு தட்டு நிறையப் பிசைந்த மண். குழாயை நிறுத்தி, அடியில் மண்ணை வைத்து, குச்சியால் குத்திக் குத்தி இறுக்கி, வெயிலில் அடுக்கினார்கள். வானத்தில் போய்ப் பூப்பூவாக விரிகிற பேன்சி ரகத்துக்கான குழாய்கள். அடியில் மண் இறுகியிருந்தால்தான் மருந்து மேல்நோக்கிப் போகும். மருந்து ஏற்றுவதெல்லாம் கம்பெனியில் வைத்து. காலியான குழாய்க்கு அடி அடைக்கிற வேலை மட்டும் வீட்டுக்கு வரும்.

வள்ளித்தாயும் குத்திக்கொண்டிருந்தாள். நான் சும்மா, பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"இந்த மண்ணு எங்கேருந்து வருதுக்கா?"

அவள் கை நின்றது. பக்கத்து வாசல் கைகளும் நின்றன.

"லோடு வாங்குறோம் சார். சாத்தூர்ப் பக்கமிருந்து வரும்."

"ஏம்மா, இப்பத்தான லோடு," என்றாள் மாரிசெல்வி உள்ளேயிருந்து. "அள்ளுறதுக்குக் கரையில மிச்சம் இல்லைன்னுதான லோடு வாங்குறோம்? எழுதுறவுகட்ட எதுக்குப் பாதி சொல்ற?"

(இந்த இடத்தில் முதலில், "எனக்குத் தலையில் இடி விழுந்தது" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். எனக்கு முதலில் வந்தது கோபம். என் வில்லனைப் பிடுங்கிக்கொண்டார்களே என்ற கோபம்.)

வள்ளித்தாய் குச்சியைக் கீழே வைத்தாள்.

"ஏசண்டு வந்து குளாய எறக்கிட்டு, குளாய் கம்பெனியோடது, மண்ணு ஒங்களோடதுன்னுட்டுப் போயிருவாக. எங்ககிட்ட ஏது சார் மண்ணு? நெலமா நீச்சா? கரையில போயி அள்ளுனோம். அந்த மண்ணு நல்லாப் புடிக்கும், காஞ்சா வெடிப்பு விடாது. ஆளுக்கு ஒரு தட்டு. ஒரு தட்டுல என்ன கொறஞ்சிறப் போவுதுன்னு நெனச்சோம். எங்க மாமியா அள்ளுனாக, நான் அள்ளுனேன், இவளும் அள்ளுனா."

"எதிர்க்கரையில ஏன் அள்ளல?"

"கிட்டங்கிக் கரையில கை வைக்க விடுவாகளா? வாச்மேன் நிப்பாக."

அப்புறம் அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "எங்க வீட்டுக்கு நேரா நான்தான் சார் அள்ளுவேன். தண்ணி அந்த வழியாத்தான் வந்துச்சு. எனக்குத் தெரியாதா?"

யார் மேலும் சந்தேகப்பட்டே பழகியவனுக்கு, தன்மேலேயே தீர்ப்பு எழுதிக்கொண்டு மூன்று வருஷமாக அதே குழாய்க்கு மண் குத்துகிற ஒருத்தியின் முன்னால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"எழுதிப்புடாதீக சார்," என்றாள். "கரைய வெட்டுனவுகன்னு எங்களக் காலி பண்ணச் சொல்லிருவாக."

இப்போது என் நிலைமை உங்களுக்குப் புரியும். கரை இருந்தது என்று எழுதினால்தான் காலனிக்குச் சுவர். கரை இருந்தது என்று எழுதினால் அது எங்கே போயிற்று என்றும் எழுதவேண்டும்.*

* இதை அடிக்குறிப்பாக வைக்கிறேன், ஏனென்றால் மேலே வைத்தால் அழகாக இருந்துவிடும். ஓர் ஊரின் வெள்ளக்கரை தட்டுத் தட்டாகக் குழாய்க்குள் போய், லாரி ஏறி, ஊர் ஊராக இறங்கி, தீபாவளிக்குத் தீபாவளி தீர்ந்துபோயிருக்கிறது. சீசன் நன்றாக இருந்த வருஷங்களில் கரை வேகமாகக் குறைந்திருக்கும்.

6

அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். காலனியில் கேட்டதைச் சொல்லக்கூடாது என்ற முடிவோடுதான் போனேன். கிட்டங்கிக் கரையை மட்டும் கிளறிப் பார்க்கலாம் என்று எண்ணம்.

"வாங்க தம்பி. கலர் குடிக்கீகளா?" என்று உட்காரவைத்தார். சிரித்த முகம். பத்திரகாளியம்மன் படத்துக்கு அன்றைய பூ. வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு மருந்துக்கறை கிடையாது.

"அண்ணாச்சி, கிட்டங்கிக் கரை ஒசத்துன மண்ணு…"

"கெணறு வெட்டுனோம்லா, அந்த மண்ணு. ஊரே பாத்துச்சு." டம்ளரை என் பக்கம் தள்ளினார். "மேற்குக் கரை என்ன ஆச்சுன்னு காலனியில கேட்டீகளா?"

நான் டம்ளரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

"எழுதுங்க தம்பி. உள்ளத உள்ளபடி எழுதுங்க. நான் ஒரு வரி வெட்டமாட்டேன். கரைய வெட்டித் தின்னுட்டு, இப்ப அரசாங்கம் சுவரு கட்டணும்னா எப்பிடி? அவுகள நல்ல எடமாப் பாத்து மாத்திக் குடுக்கட்டுமே. அவுகளுக்கும் நல்லதுதான்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவருக்கு எல்லாம் முன்னமே தெரியும். இதை அவர் சொன்னால் முதலாளி சொல்கிறார் என்பார்கள். மலரில் வரலாறாக வந்தால் வரலாறு. ஊரில் இத்தனை வாத்தியார்கள் இருக்க, யாரையும் நம்பாத என்னை ஏன் கூப்பிட்டார்? நான்தான் விடாமல் மோப்பம் பிடித்து அங்கே போய் நிற்பேன் என்று. காலனிக்காரர்களும் என்னிடம்தான் வாய் திறப்பார்கள். என் சந்தேகப் புத்தியை ஆர்டர் கொடுத்து வாங்கியிருக்கிறார்.

(இன்னொரு சந்தேகம், நிரூபிக்க வழியில்லை. குடியிருப்பு பக்கத்தில் இருக்கும்வரை கிட்டங்கியைப் பெரிதாக்க லைசென்ஸ் தரமாட்டார்கள். காலனி போய்விட்டால் தருவார்கள்.)

எழுந்துகொள்ளும்போது கேட்டேன். "குழாய் கம்பெனியோடது, மண்ணு ஒங்களோடதுன்னு சொல்லித்தான் வேலை கொடுத்திருக்காங்க அண்ணாச்சி. அதையும் எழுதட்டா?"

"அது ஏசண்டு பேச்சு," என்றார், கொஞ்சமும் கோபப்படாமல். "ஏசண்டு நம்ம கம்பெனி ஆளு இல்லையே தம்பி."

உண்மையைச் சொல்கிறேன், அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

7

ஆக, என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

முடிவு அ. "காலப்போக்கில் மேற்குக் கரை மழையில் கரைந்தது." இதைப் படிக்கிற இன்ஜினியர், கிழக்குக் கரை மட்டும் ஏன் கரையவில்லை என்று ஒரு கேள்வி கேட்டால் அதோடு சரி.

முடிவு ஆ. மண் எடுத்ததையும் எழுதுவது, ஏசண்டு சொன்னதையும் எழுதுவது. அண்ணாச்சி ஒரு வரியும் வெட்டமாட்டார், வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆனால் அச்சகத்தில் இருக்கிறவனுக்குத் தெரியும், கடைசி நேரத்தில் இடம் போதாமல் எந்த வரி விழும் என்று.

முடிவு இ. எழுத முடியாது என்று கையை விரிப்பது. எனக்குப் பதில் வேறொருவர் எழுதுவார். அவருக்குக் காலனிக்குப் போகிற ஆசைகூட வராது, அண்ணாச்சி சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார்.

மூன்றையும் வள்ளித்தாயிடம் படித்துக் காட்டினேன். என் வேலையை அவள் தலையில் கட்டுகிறேன் என்று நீங்கள் நினைத்தால், சரிதான். ஆனால் அது அவள் வீடு. அண்ணாச்சி சொன்னதையும் சொன்னேன். அவள் மண் குத்துவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அவுகளுக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப நாங்க யாருக்குப் பயந்துக்கிட்டு இருக்கோம்?" என்றாள். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை. தெருவைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள். சுற்றி நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருத்தி, சும்மா கிட என்றாள். ஒருத்தி, போன மழையில் தன் வீட்டில் தண்ணீர் நின்ற உயரத்தைக் கையால் காட்டினாள். கொஞ்ச நேரம் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. கடைசியில் மாரிசெல்விதான் சொன்னாள்.

"புத்தகத்துல வந்தா திருட்டுப் பட்டம். நம்மளே போயிச் சொன்னா? கரை இருந்துச்சுன்னு சொல்றதுக்கு அள்ளுனவுகள விட ஆளு யாரும்மா?"

8

திங்கள்கிழமை. சூலக்கரை, கலெக்டர் ஆபீஸ், மனு நாள்.

காலனியிலிருந்து ஒரு பஸ் பெண்கள் வந்திருந்தார்கள். அன்றைக்குக் குழாய்க்கு யாரும் அடி அடைக்கவில்லை. நானும் பின்னால் நின்றேன், எழுதுகிறவன் என்ற பேரில். வரிசை மெதுவாக நகர்ந்தது. எங்கள் முறை வந்தபோது மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தலை நிமிராமல் கையை நீட்டினார்.

வள்ளித்தாய் மனுவைக் கொடுத்துவிட்டு, அவர் படிப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

"வெள்ளக்காலுக்கு மேற்க கரை இருந்துச்சுங்கய்யா. நாங்கதான் அள்ளுனோம். பட்டாசுக் குளாய்க்கு அடி அடைக்க அள்ளுனோம். மண்ணு ஒங்களோடதுன்னு சொல்லித்தான் வேலை குடுத்தாக. எங்க வீட்டுக்காரரு அந்தத் தண்ணியிலதான் போனாக. மத்தவுகளாவது இருக்கணும். சுவரு வேணும்."

அதிகாரி நிமிர்ந்தார். கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. பேனாவைத் திறந்தார், எழுதப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஏம்மா, நீங்க சொல்றதப் பாத்தா ஒரு கரை மண்ணு. சாதாரணமா? அம்புட்டு மண்ணும் இப்ப எங்க இருக்கு? சும்மா குழாய்க்குப் போட்டோம்னா நம்புறதா? வித்தீங்களா?"

இத்தனை பக்கம் நான் ஒவ்வொருவர் மேலும் வீசிய சந்தேகம் இப்போது சரியான மேஜையிலிருந்து, தப்பான ஆள் மேல் வந்து விழுந்தது.

வள்ளித்தாய் திரும்பிப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள். மாரிசெல்வி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அடைத்த குழாய் லாரியில் ஏறுகிறவரை பார்த்திருக்கிறார்கள். அதற்கப்புறம் அது எங்கே போய் என்ன ஆனது என்று அவர்களில் ஒருத்தரும் கண்டதில்லை.

இந்த இடத்தில் அவள் வாயில் ஒரு நல்ல வசனத்தை வைக்கலாம். மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றைப் படித்தால் நீங்கள் கைதட்டுவீர்கள், தட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். அதனால் வைக்கவில்லை. அவள் பேசாமல்தான் நின்றாள்.

"சொன்னாத்தானேம்மா நான் எழுத முடியும்," என்கிறார் அதிகாரி. பேனா திறந்தபடி இருக்கிறது.

சுவர் வந்ததா, காலனி போனதா, மலரில் நான் என்ன எழுதினேன் என்றெல்லாம் சொல்லாமல் இங்கேயே நிறுத்துகிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் வள்ளித்தாயிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. போன தீபாவளிக்கு உங்கள் தெருவில் வாணம் விட்டீர்கள். வானத்தைப் பார்த்துக் கத்தினீர்கள். மறுநாள் காலையில் கருகிய குழாயைக் கூட்டி அள்ளும்போது, அதன் அடியில் வட்டமாக, கெட்டியாக, உடையாமல் ஒரு வில்லை மண் இருந்திருக்கும். அதை எங்கே கொட்டினீர்கள் என்று சூலக்கரைக்கு வந்து சொல்லிவிட்டுப் போங்கள். திங்கள்கிழமைதோறும் மனு வாங்குகிறார்கள்.